மெர்ல் ஓபரான் டாஸ்மேனியாவில் பிறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஹாலிவுட் நடிகைகள் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த பக்கத்தில் மெர்ல் ஓபரானுக்கு நான்கு வரி ஒதுக்கியிருந்தீர்கள். இன்று அந்தப் பெயரையே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் அந்த நான்கு வரிக்கும் நன்றி. ஆனால் அதற்குள் மூன்று தவறுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தீவான டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்பது முதலாவது. 1937 கார் விபத்தில் முகத்தில் விழுந்த தழும்பை மறைக்க, கேமரா மீது பொருத்தும் 'ஓபி' விளக்கு உருவாக்கப்பட்டது என்பது இரண்டாவது. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் இந்திய நடிகை என்பது மூன்றாவது. டாஸ்மேனியாவில் பிறந்தவர் எப்படி இந்திய நடிகை ஆனார் என்று பக்கத்தைத் தயாரித்தவர்களுக்குத் தோன்றாமல் போனது வருத்தம். அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலே அவருடைய வாழ்க்கையின் பாதி வெளியே வந்திருக்கும்.

அவர் பிறந்தது பம்பாயில், 1911 பிப்ரவரி 19 அன்று. பெயர் எஸ்டெல் மெர்ல் ஓபிரையன் தாம்சன். வீட்டில் கூப்பிட்ட பெயர் குவீனி. அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணி மேரியும் பம்பாயில் வந்திறங்கினார்கள். செல்லப்பெயர் அதையொட்டி வந்தது என்பார்கள். வளர்த்தவர் சார்லட் செல்பி. இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட கலப்பினப் பெண். நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மாவோரி வழியும் அவருக்கு உண்டு. மெர்ல் அவரைத்தான் அம்மா என்று நினைத்து வளர்ந்தார். உண்மையில் அவர் பாட்டி. பெற்றவர் சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ். பிரசவத்தின்போது அவருக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி, பெற்ற தாயை அக்கா என்றும் பாட்டியை அம்மா என்றும் சொல்லி வளர்த்தார்கள். அதாவது, இந்த வாழ்க்கையின் முதல் மறைப்பு அவருக்குப் பேச்சு வருவதற்கு முன்பே, மற்றவர்கள் கையால் நடந்துவிட்டது. அவரைப் 'பொய்க்காரி' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

1917-ல் குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது. லா மார்ட்டினியர் பெண்கள் பள்ளியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. அங்கே கலப்பினப் பிள்ளை என்று கேலி செய்ததில் பள்ளியை விட்டு நின்றார். மீதிப் படிப்பு வீட்டில். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தார், அமெச்சூர் நாடகக் குழுவில் நடித்தார். 1920-களின் இறுதியில் சார்லட்டையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பிரான்சின் நீஸ் நகரில் இயக்குநர் ரெக்ஸ் இங்கிராமின் ஸ்டுடியோவில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றதில் தொடங்கி, லண்டனில் படத் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவின் கண்ணில் பட்டது வரை நான்கைந்து வருடம். 1933-ல் கோர்டா எடுத்த எட்டாம் ஹென்றி படத்தில் மன்னரின் மனைவி ஆன் பொலினாகச் சில நிமிடங்கள்தான் வருகிறார். அந்தச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தன.

சார்லட் லண்டனிலும் கூடவே இருந்தார். விருந்தினர் வந்தால் அவரை வீட்டுப் பணிப்பெண் என்று சொல்லி வைத்தார்கள் என்பது மெர்லைப் பற்றி அதிகம் சொல்லப்படும் செய்தி. சார்லட் 1937-ல் இறந்தார். 1949-ல், ஒரு பழைய புகைப்படத்தை வைத்து அவரை ஓவியமாக வரையச் சொன்னார் மெர்ல். தோல் நிறத்தை வெளுப்பாகத் தீட்டச் சொன்னார் என்றும், அதன் பிறகு எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் அந்தப் படத்தை மாட்டினார் என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். முதல் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விடுவது நியாயமில்லை.

இனி டாஸ்மேனியா. இது கோர்டாவின் விளம்பரப் பிரிவு கட்டிய கதை. ஏன் அந்த ஊர்? பிரிட்டிஷ் குடியேற்றம், ஆங்கிலம் பேசும் ஊர். லண்டன் நிருபரோ ஹாலிவுட் நிருபரோ நேரில் போய் விசாரிக்க முடியாத தூரம். டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டில் நல்ல குடும்பத்தில் பிறந்து, தந்தை இறந்தபின் இந்தியாவில் இருந்த உறவினரிடம் வளர்ந்தார் என்று சொல்லிவிட்டால் கல்கத்தா நாட்களுக்கும் கணக்கு சொல்லியாயிற்று. கதை அவ்வளவு வலுவாக வேர் பிடித்ததில் ஹோபார்ட்காரர்களே அவரைத் தங்கள் ஊர்ப் பெண் என்று நம்பினார்கள். அவர் ஒரு சீன வம்சாவளிப் பெண்ணுக்கு அங்கே பிறந்தவர் என்று உள்ளூர்க் கதைகூடக் கிளம்பியது. 1978-ல் அந்த நகரத்து மேயர் அவருக்கு வரவேற்புக் கொடுத்தார். பிறந்த ஊர் என்று பொய்யாகச் சொன்ன ஊருக்கு, சாவதற்கு ஒரு வருடம் முன்பு, விருந்தாளியாகப் போய் நிற்க வேண்டிய நிலை. 1979 நவம்பர் 23 அன்று கலிபோர்னியாவின் மலிபுவில் இறந்தார். பம்பாய்ப் பிறப்பு பரவலாகத் தெரியவந்தது 1983-ல் வெளியான வாழ்க்கை வரலாற்றுக்குப் பிறகுதான். எனவே 1983-க்கு முன் அச்சான எந்தக் கலைக்களஞ்சியத்தையும் நடிகர் அகராதியையும் இந்த ஒரு விஷயத்துக்கு நம்பக் கூடாது. தங்கள் பக்கத்தில் வந்த பிழையும் அப்படிப்பட்ட ஒரு பழைய நூலிலிருந்து, கைமாறிக் கைமாறி வந்ததாகவே இருக்கும்.

இப்படிப்பட்டவர்களின் பிறப்பைச் சரிபார்க்க வழி இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் கிறிஸ்தவத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகள் நகலெடுக்கப்பட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன: வங்காளத்துக்கு என்/1, சென்னைக்கு என்/2, பம்பாய்க்கு என்/3 வரிசை. தேடும்போது சறுக்கும் இடங்கள் இரண்டு. லண்டனில் இருப்பது நகல், மூலம் இல்லை. எழுத்தர் கையில் தாம்சன் என்ற பெயர் 'பி' எழுத்தோடும் அது இல்லாமலும் மாறும், ஓபிரையன் என்பது விடுபட்டே போகும். இன்னொன்று, பதிவின் தேதி ஞானஸ்நானத் தேதியாக இருக்கலாம். பிறந்த நாள் தனிக் கட்டத்தில் இருக்கும், இரண்டையும் மாற்றி எடுத்துவிடுவார்கள். அதோடு, பதிவில் 'தாய்' என்று எழுதப்பட்டவர் பெற்றவர்தானா என்பதைப் பதிவு சொல்லாது. 

ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்று தங்கள் குறிப்பு கேட்கவே இல்லை. அமெரிக்காவின் 1917 குடிவரவுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை செய்யப்பட்ட மண்டலமாக அறிவித்தது. இந்தியா அதற்குள் வருகிறது. 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் 'வெள்ளையர்' இல்லை, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல் சட்டம் தளர்ந்தபோதும் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவுதான் கிடைத்தது. மெர்ல் ஹாலிவுட்டில் உச்சத்தில் இருந்த காலம் முழுக்க இந்தச் சுவருக்கு உள்ளே அடங்குகிறது. சினிமாவுக்குள் இன்னொரு சுவர். 1930-ல் எழுதப்பட்டு 1934 ஜூலையிலிருந்து கண்டிப்பாக அமல்படுத்தப்பட்ட தயாரிப்பு விதிகள், வெள்ளையர்–கறுப்பர் காதலைத் திரையில் காட்டுவதைத் தடை செய்தன. நடைமுறையில் அந்த அச்சம் ஆசிய நடிகர்கள் மீதும் விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங், 1937-ல் வெளிவந்த 'தி குட் எர்த்' படத்தில் சீன விவசாயப் பெண்ணாக நடிக்கக்கூட எடுத்துக்கொள்ளப்படவில்லை. கதாநாயகன் பால் முனி வெள்ளையர். அந்தப் பாத்திரம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது, ஆஸ்கரும் வந்தது. வெளிப்படையாக ஆசியராக இருந்தவருக்கு நேர்ந்தது இது. மெர்ல் பம்பாயைச் சொல்லியிருந்தால் 'வுதரிங் ஹைட்ஸ்' படத்தின் நாயகி கேத்தி ஆகியிருக்க மாட்டார். அவர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இந்த வருடங்களை எதிரே வைத்துக்கொண்டு எழுதட்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தவை 'கீழை நாட்டு அழகி' வேடங்களே. 1934-ல் 'தி பேட்டில்' படத்தில் ஜப்பானியச் சீமாட்டி. கோர்டா அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு பங்கை ஹாலிவுட் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்கு விற்ற பிறகுதான், 1935-ல், 'தி டார்க் ஏஞ்சல்' படத்துக்காக அந்தத் தூக்கிய புருவத்தையும் மினுக்கும் தலையையும் கலைத்து, ஆங்கிலேய நாட்டுப்புற வீட்டுப் பெண்ணாக மாற்றினார்கள். அந்த வேடத்துக்குத்தான் ஆஸ்கர் பரிந்துரை. 1936-ல் வில்லியம் வைலர் இயக்கிய 'தீஸ் த்ரீ' அவருடைய மிகச் சிறந்த நடிப்பு என்பது என் எண்ணம். பழிச்சொல்லில் சிக்கிய பள்ளி ஆசிரியையாக, குரலை உயர்த்தாமல், முகத்தில் ஒவ்வொன்றாக விளக்குகள் அணைவதுபோல நடித்திருப்பார். 1939-ன் 'வுதரிங் ஹைட்ஸ்' பற்றி எல்லோருக்கும் தெரியும். அதன் எட்டுப் பரிந்துரைகளில் விருது கிடைத்தது கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவுக்கு மட்டுமே.

இப்போது அந்த விளக்குக்கு வருகிறேன். இந்தப் பிழைதான் மூன்றிலும் அதிகம் பரவியது.

1937 மார்ச்சில் லண்டனில் கார் விபத்து நடந்தது உண்மை. முகத்தில் காயம் பட்டதும் உண்மை. அப்போது ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கத்தில் அவர் நடித்துக்கொண்டிருந்த 'ஐ, கிளாடியஸ்' படம் கைவிடப்பட்டது. ஏற்கெனவே இயக்குநருக்கும் கதாநாயகன் சார்ல்ஸ் லாட்டனுக்கும் ஒத்துப்போகாமல் தள்ளாடிக்கொண்டிருந்த படம் அது. விபத்து அதை நிறுத்த ஒரு காரணமானது. ஆனால் அடுத்த வருடமே மெர்ல் 'தி டைவர்ஸ் ஆஃப் லேடி எக்ஸ்' படத்தில், அதுவும் டெக்னிகலர் என்ற அன்றைய வண்ணப்பட முறையில், திரையில் வந்துவிட்டார். மூன்று நெகட்டிவ்கள் ஒரே நேரத்தில் ஓடிய அந்தக் கேமராவில் லென்ஸ் வழியே வரும் ஒளியைப் பட்டகம் பிரித்துவிடும். ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தேவையானதைப்போலப் பல மடங்கு வெளிச்சத்தை முகத்தில் கொட்ட வேண்டும். தழும்பு தொழிலையே முடக்கும் அளவுக்கு இருந்திருந்தால் அந்த வெளிச்சத்துக்கு முன் அவரை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

முகத்துக்குப் பெரிய கேடு வந்தது 1940-ல். ஒப்பனைப் பொருட்களால் ஏற்பட்ட நச்சுப் பாதிப்பும் சல்ஃபா மருந்து ஒவ்வாமையும் சேர்ந்து தோலைக் கெடுத்தன. நியூயார்க்கில் தோல் மருத்துவரிடம் மேல்தோலைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சை பல முறை செய்துகொண்டார். ஒப்பனை இல்லாமல் பார்த்தால் சிறு குழிகள் தெரியும் என்ற நிலை அதற்குப் பிறகு வந்தது. ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் 'தி லாட்ஜர்' படத்தில் மெர்லைப் படம்பிடித்தபோது அந்த விளக்கை அமைத்தார். படம் வெளியானது 1944-ல். 1945-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள், 1949-ல் பிரிந்தார்கள். விளக்குக்கு மெர்ல் ஓபரானின் பெயரைச் சுருக்கி 'ஓபி' என்றே பெயர் நின்றது. விபத்துக்கும் விளக்குக்கும் நடுவில் ஆறு வருடத்துக்கு மேல் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தாலே தங்கள் குறிப்பின் கணக்கு உதைக்கும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க ஒரு சாத்துக்குடியும் டார்ச் லைட்டும் போதும். இருட்டறையில் பழத்தை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அடியுங்கள். தோலில் இருக்கும் ஒவ்வொரு குழியும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். மேட்டின் நிழல் பள்ளத்தில் விழுகிறது. இப்போது டார்ச்சை உங்கள் கண்ணை ஒட்டி, பார்வை போகும் திசையிலேயே பிடியுங்கள். குழிகள் மறைந்து பழம் வழவழப்பாகிவிடும். நிழல் இல்லாமல் போகவில்லை. மேட்டுக்கு நேர் பின்னால் விழுவதால் உங்கள் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். ஓபி என்பது கேமராவில், லென்ஸுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, பெரும்பாலும் அதற்கு நேர் மேலே பொருத்திய சிறு விளக்கு. லென்ஸிலிருந்து விலக விலகப் பயன் குறையும். ஒரு முழம் தள்ளி வைத்தால் குழியின் ஒரு ஓரத்தில் நிழல் மறுபடி எட்டிப் பார்க்கும்.

சிக்கல் கேமரா நகரும்போது வரும். முகத்திலிருந்து 8 அடியில் இருக்கும் கேமரா ட்ராலியில் 4 அடிக்கு வந்தால், அதன் மீதிருக்கும் விளக்கும் கூடவே வருகிறது. முகத்தில் விழும் அதன் ஒளி நான்கு மடங்கு ஆகிவிடும், ஒளிப்பதிவாளர் கணக்கில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). நிலையாக நிற்கும் கீ லைட், அதாவது காட்சியின் முதன்மை விளக்கு, மாறாது. தொடக்கத்தில் கீ லைட்டில் கால் பங்காக இருந்த ஓபி, முடிவில் அதற்குச் சமமாகிவிடும். கன்னம், மூக்கு என்ற வடிவமே இல்லாமல் முகம் தட்டையாகும். டிம்மரில் மின்னழுத்தத்தைக் குறைத்தால் டங்ஸ்டன் இழை விளக்கின் ஒளி சிவக்கும். கறுப்பு வெள்ளையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், வண்ணத்தில் முகம் ஆரஞ்சாகும். அதனால் ஒளியின் நிறம் மாறாமல் அளவை மட்டும் குறைக்க, விளக்கின் முன் மூடும் தகடுகளையோ கம்பி வலையையோ பயன்படுத்தினார்கள். கேமரா முன்னேறும் வேகத்துக்கு ஏற்ப ஒருவர் அதைக் கையால் மூடிக்கொண்டே போக வேண்டும். இது தவிர, நேர் எதிரே வரும் ஒளியில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பளபளக்கும், ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் பவுடர் ஒற்ற வேண்டும். பின்னால் கண்ணாடியோ மெருகிட்ட மரக் கதவோ இருந்தால் விளக்கே அதில் தெரிந்துவிடும்.

ஓபி மட்டும் போட்டால் முகம் அடையாள அட்டைப் படம் மாதிரி இருக்கும். பல்லார்டின் திறமை அதை எவ்வளவு அடக்கி வைத்தார் என்பதில் இருந்தது. முகத்துக்கு வடிவம் கொடுப்பது உயரத்தில் பக்கவாட்டாக இருக்கும் கீ லைட். அது உண்டாக்கும் நிழலின் கறுப்பை மட்டும் ஓபி தளர்த்தும். ஒரு காட்சியில் அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, குளோஸ்-அப்பில் படத்தை நிறுத்திக் கருவிழியைப் பாருங்கள். கீ லைட்டின் ஒளிப்புள்ளி கடிகாரத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி இருக்கும் பக்கம் விழும். ஓபியின் புள்ளி கண்மணியின் நடுவுக்கு மிக அருகில், சற்று மேலே இருக்கும். கண்ணுக்கு உயிர் கொடுப்பது அந்தப் புள்ளிதான். இன்றைக்கும் கேமரா மீது பொருத்தும் எல்இடி விளக்கை அந்தப் பெயரால் அழைக்கும் ஒளிப்பதிவாளர்கள் இருக்கிறார்கள். லென்ஸை ஒட்டி விளக்கு வைக்கும் வழக்கம் பல்லார்டுக்கு முன்பே இல்லாமல் இல்லை. எனவே 'கண்டுபிடித்தார்' என்று எழுதாமல் 'அமைத்தார்' என்று எழுதுவது பாதுகாப்பானது.

கடைசியாக ஆஸ்கர். 1936 மார்ச் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பில்ட்மோர் ஓட்டலில் நடந்த எட்டாவது விழாவில் சிறந்த நடிகைக்கு ஆறு பேர் பரிந்துரைக்கப்பட்டார்கள். மெர்ல் அதில் ஒருவர், விருது பெட்டி டேவிஸுக்குப் போனது. அன்று அவரை யாரும் இந்தியர் என்றோ ஆசியர் என்றோ எண்ணிப் பரிந்துரைக்கவில்லை. 2023-ல் மலேசிய நடிகை மிஷெல் யோவின் பெயர் அதே விருதுக்கான பரிந்துரையில் வந்தபோது, 'தன்னை ஆசியர் என்று அடையாளப்படுத்திக்கொண்டவர்களில் முதலாமவர்' என்று சில பத்திரிகைகள் சுற்றி வளைத்து எழுத வேண்டியிருந்தது மெர்லால்தான். பிறந்த மண்ணால் இந்தியா, தாய்வழியில் இலங்கையும் மாவோரியும், தந்தை ஆங்கிலேயர், குடியுரிமையால் பிரிட்டிஷ் பிரஜை. 'முதல் இந்திய நடிகை' என்ற மூன்று சொல்லுக்குள் இது அடங்காது. 'பம்பாயில் பிறந்தவர், ஆசிய வம்சாவளியில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதலாமவர், தம் வாழ்நாளில் அந்த வம்சாவளியை வெளியே சொல்லவில்லை' என்று எழுதினால் ஒரு சொல்லும் பிசகாது. இலங்கைத் தொடர்பைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லாமல் விட்டது தனிக் குறை.

திருத்தம் வெளியிடும்போது அச்சில் மட்டுமின்றி இணையப் பதிப்பிலும் அந்த நான்கு வரியை மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்து எழுதப்போகிறவர் எடுக்கப்போவது அங்கிருந்துதான்.

தங்கள் வாசகர்,
திருச்சி